அந்தோணியாருக்குப் போன கிட்டார்

பூசணிக்காய்க்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவில் என் கிட்டார் படுத்திருந்தது.

அந்தோணியார் திருவிழாப் பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. கோயில் வாசலில் பந்தல். பந்தலுக்குக் கீழே இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, நேர்ச்சைப் பொருள்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒரு வாழைத்தார், சில தேங்காய்கள், எண்ணெய் டின், அந்தப் பூசணிக்காய், என் கிட்டார், அந்தச் சேவல். பெஞ்சின் காலில் ஓர் ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது. சேவல் அவ்வப்போது கழுத்தை நீட்டிக் கிட்டார்க் கம்பியைக் கொத்தியது. கொத்தினால் சத்தம் வருகிறது என்று தெரிந்ததும் மறுபடி மறுபடி கொத்தியது.

"ஏம்பா, உன்னவிட நல்லா வாசிக்குதே" என்றான் கலியமூர்த்தி என் காதுக்குள்.

கலியமூர்த்தி உப்பு லாரி ஓட்டுகிறவன். மரக்காணம் உப்பளத்து எடைமேடையில் நான் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்த காலம் முழுவதும் தினம் என் கண்ணாடிக் கூண்டுக்குள் வந்து டீ குடித்துவிட்டுத்தான் லாரியை எடுப்பான். அன்றைக்கு அவன் திருவிழா பார்க்க வரவில்லை. என் கிட்டாரை ஏலத்தில் எடுக்க வந்திருந்தான். என் பணத்தில், எனக்காக, என் மனைவி பிலோமினாவுக்குத் தெரியாமல்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் காய்ச்சல் விட்டால், பிள்ளை பாஸானால், காணாமல் போன மாடு திரும்பி வந்தால் அந்தோணியாருக்கு ஏதாவது நேர்ந்துகொள்வார்கள். சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் நேர்ந்துகொள்வார்கள். திருவிழாவன்று அந்தப் பொருள்கள் ஏலத்துக்கு வரும். பணம் கோயிலுக்கு. சேவல் நேர்ந்தவரே அந்தச் சேவலை ஏலத்தில் எடுத்து, மத்தியானம் குழம்பு வைத்துவிடுவதும் உண்டு. அந்தோணியாருக்கும் திருப்தி, வீட்டுக்கும் திருப்தி.

என் வீட்டில் மட்டும் அந்த வழி அடைபட்டிருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அன்றைக்கு அந்தக் கிட்டார் வேறொருவர் கைக்குப் போனால் எனக்கு அது போனதுதான். இந்த வயதில் இன்னொன்று வாங்கிப் பழகும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை.

சைக்கிள் வாங்கப் போன கதை

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய, எடைமேடையில் நான் தூங்கிப்போன கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உப்பு போதும் ஐயா, உங்களிடம் ஏதோ கிட்டார் இருந்தது என்றீர்களே, அது என்ன ஆயிற்று?" என்று கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இந்த வாரம்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பெரிய முதலியார்சாவடிப் பக்கம் கீற்றுக் கொட்டகை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்புவதாகச் செய்தி வந்தது. மன நிம்மதி தேடி வந்தவர். அது கிடைத்ததா என்று தெரியவில்லை. வயிற்றுப்போக்கு கிடைத்தது. இருந்த சாமான்களை எல்லாம் வந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

நான் போனது அவருடைய சைக்கிளுக்காக. எடைமேடை வேலைக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தேன், போய்வர வண்டி வேண்டும். நான் போய்ச் சேர்வதற்குள் சைக்கிளை யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு கொசுவலையும் சிவப்பு நிறத்தில் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரும்தான் மீதி. அவர் அதை மடியில் வைத்து, கரண்ட் இல்லாமலே, இரண்டு விரலால் ஏதோ தட்டிக் காட்டினார். கொசு பறக்கிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. ஆனால் அந்தக் கொசுச் சத்தம் என் காதுக்குள் புகுந்துகொண்டது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வாங்கிவிட்டேன்.

பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் போட்டார் கண்டக்டர். வீட்டுக்கு வந்ததும் என் அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது மேல ஏறி வேலைக்குப் போவியாடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்று மாதம் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் மூன்று மாதமும் நடந்தே வேலைக்குப் போனேன்.

அது ஜப்பானில் செய்தது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். தலையில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் உப்புக்காற்றில் எப்போதோ உரிந்துவிட்டது. பல வருஷம் கழித்து என் மருமகன் அதன் முதுகில் இருந்த எண்ணை போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது எய்ட்டீஸ்ல செஞ்சது. இதுக்கெல்லாம் இப்ப விண்டேஜ்னு பேரு" என்றான்.

"நம்ம கிரைண்டரும் அந்தக் காலத்துதான்" என்றாள் பிலோமினா. "அதுவாவது மாவு அரைக்குது."

உப்போடு ஒரு குடும்பத் தகராறு

இந்தக் கடற்கரையில் எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பது ஐஸ்கட்டியை வெயிலில் வைத்துக் காவல் காப்பது மாதிரி. காற்றில் உப்பு. தண்ணீரில் உப்பு. என் சட்டைப் பையில் உப்பு. எடைமேடையில் இருந்து வீடு வந்தால் என் மீசையில் உப்பு இருக்கும். புதுக் கம்பி மாட்டினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பழுப்பேறிவிடும். திருகுகளைத் திருப்பினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும்.

செருப்புப் பெட்டிக்குள்ளும் புதுப் பைக்குள்ளும் ஒரு சின்னப் பொட்டலம் வருமே, ஈரத்தை இழுப்பதற்காகப் போடுவது, தின்னாதே என்று எழுதியிருக்குமே, அதைச் சேர்க்க ஆரம்பித்தேன். மெல்ல மெல்ல சொந்தக்காரர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போனால் எனக்குத் தாம்பூலப் பையோடு நாலு பொட்டலமும் தருவார்கள். சென்னையில் இருக்கும் என் மச்சான் ஒரு தீபாவளிக்கு ஸ்வீட்டுக்குப் பதிலாக ஒரு டப்பா நிறைய அதையே கொண்டுவந்தான். பிலோமினா அவனோடு சண்டை போட்டாள். என் கிட்டார்ப் பெட்டிக்குள் கிட்டார் கொஞ்சம், பொட்டலங்கள் அதிகம்.

சத்தம் வருவதற்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். திண்டிவனத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து எனக்கு ஒன்று செய்துகொடுத்தார். அது பாடும். சில நேரம் நான் வாசிக்காதபோதும் பாடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அதனால் ரப்பர்ச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் வாசிப்பேன்.

கோயில் பாடற்குழுவில் வாசிக்கப் போனபோதுதான் சிக்கல் வந்தது. எங்கள் கோயிலுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. தரையோ உப்பு பூத்த தரை. முதல் ஞாயிறு 'ஆண்டவரே இரக்கமாயிரும்' பாடும்போது நான் துள்ளிய துள்ளலை மக்கள் பக்தி என்று நினைத்தார்கள். அடுத்த வாரத்தில் இருந்து வீட்டில் இருந்து ஒரு மரப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், அதன்மேல் ஏறி நின்று வாசித்தேன். வருஷக்கணக்கில் அந்தப் பலகைதான் என் மேடை. பிறகு ஓர் இளம் ஃபாதர் வந்தார். அவரோடு ஒரு கீபோர்டும் வந்தது. பொத்தானை அமுக்கினால் அதற்குள்ளேயே டிரம்ஸ், புல்லாங்குழல், கிட்டார் எல்லாம் இருந்தன. அதற்கு ஷாக்கும் அடிக்கவில்லை.

அதோடு என் கச்சேரி வீட்டோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின்வாசல் படியில் உட்கார்ந்து வாசிப்பேன். நானாகக் கோத்த மெட்டு ஒன்று உண்டு. அதற்குப் பேர் கிடையாது. நடுவில் ஓரிடத்தில் மேலே ஏறி, கொஞ்சம் நின்று, பிறகு இறங்கும். பக்கத்திலேயே பிலோமினா முதுகைக் காட்டிக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷத்தில் என் வாசிப்பைப் பற்றி அவள் சொன்ன கருத்து ஒன்றே ஒன்று.

"முடிஞ்சிதா?"

கண்ணாடிப் பெட்டி

எங்கள் ஒரே மகள் ஜெசிந்தாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. பாண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெண் குழந்தை. நான் எடைமேடைக்காரன், எடை கேட்டதும் மனசுக்குள் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. கடையில் விற்கிற ஓர் உப்புப் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் சொருகியிருந்தார்கள். மூச்சு விடுவதை அவ்வப்போது மறந்துபோகிறாள் என்றார் டாக்டர். மறந்தால் நர்ஸம்மா பாதத்தில் லேசாகச் சுண்டுவார். ஞாபகம் வந்து மறுபடி விடுவாள்.

அந்த நாட்களில் நான் பயந்த மாதிரி எப்போதும் பயந்ததில்லை. மகளிடம் போய் நின்றால் அவள் என் முகத்தைப் பார்த்துவிடுவாளே என்று, டீ வாங்குகிற சாக்கில் வெளியே வெளியே போய்க்கொண்டிருந்தேன்.

அப்படி ஒருமுறை டீயோடு திரும்பி வந்தபோது பிலோமினா வராந்தாவில் ஜெபமாலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நேர்ந்துக்கினேன்" என்றாள்.

"என்னத்த?"

"உங்க கிட்டார. அந்தோணியாருக்கு."

அந்த நிமிஷம் அந்தோணியார் நேரில் வந்து கேட்டிருந்தால் கிட்டாரோடு என் இரண்டு கையையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன். சத்தியம். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா குடுத்திருப்பீங்க. அப்ப அது உங்க நேர்ச்சையாப் பூடும்."

"உன் வளையலக் குடுத்திருக்கலாமே?"

"வளையல் போனா இன்னொண்ணு வாங்கிக்குவேன்னு அவருக்குத் தெரியாதா? நம்ம வீட்டுல ஒருத்தர் உசுரா வெச்சிக்கினு இருக்கிறது அது ஒண்ணுதான். டீ ஆறுது, குடிங்க."

தொலைந்துபோன பொருளைத் தேடித் தருகிறவர் என்று உலகமெல்லாம் பேர் வாங்கியவர் அந்தோணியார். என் வீட்டில் மட்டும் தொலையாமல் பத்திரமாக இருந்த பொருளை எடுத்துக்கொண்டார். ஆனால் கைம்மாறு செய்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சில வாரங்களில் குழந்தை மூச்சு விட மறப்பதை மறந்துவிட்டாள். குழாயை எடுத்தார்கள். கோடைக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த நாளில் இருந்து அவள் போட்ட சத்தத்துக்கு எந்த ஆம்ப்ளிஃபயரும் தேவைப்படவில்லை.

கலியமூர்த்திக்கு வந்த சங்கீத ஆசை

திருவிழா நெருங்க நெருங்க நான் நல்ல வார்த்தையில் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தேன். ஊரில் சேவலைத் திருப்பி எடுப்பதுபோல நாமும் ஏலத்தில் எடுத்துக்கொள்ளலாமே, கோயிலுக்கும் காசு போனதாக இருக்கும்.

"குடுத்தத நாமளே திருப்பி எடுத்தா அதுக்குப் பேரு நேர்ச்சையா, அடகா?" என்றாள் பிலோமினா. "புள்ளயத் திருப்பிக் கேட்டாருன்னா இன்னா பண்ணுவீங்க?"

அதற்குமேல் பேச யாரால் முடியும்? நான் பேசவில்லை. கலியமூர்த்தியிடம் பேசினேன்.

"கோயில் விசயம்பா" என்று முதலில் தயங்கினான். அவன் வீட்டில் ஐயனார்தான் குலசாமி, ஆனாலும் அந்தோணியாரிடம் அவனுக்குக் கொஞ்சம் பயம் உண்டு. "நீ எடுக்கலயே, நான்தான எடுக்கிறேன்?" என்று அவனே ஒரு வழியும் கண்டுபிடித்தான். ஏலத்தில் எடுத்து அவன் வீட்டுப் பரண்மேல் வைத்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அவன் வீட்டுக்குப் போய் வாசிப்பது. பிலோமினாவிடம் சீட்டாடப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வது. நல்ல மனுஷன் கெட்ட பழக்கத்தை மறைப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் நல்ல பழக்கத்தை மறைக்கக் கெட்ட பழக்கத்தைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு இடையூறு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு மிக்ஸியை நேர்ச்சையாகக் கொடுத்தார்கள். ஏலத்தில் எடுத்தவர் வீட்டில் போய்ப் போட்டால் அது ஓடவில்லை. சட்னி அரைக்க முடியாத கோபத்தில் கோயிலுக்கே வந்து சண்டை போட்டார். அன்றிலிருந்து, ஃபாதருக்குத் துணையாகக் கோயில் காரியம் பார்க்கும் எங்கள் உபதேசியார் ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டார். கரண்டில் ஓடுகிற நேர்ச்சை என்றால் ஏலத்துக்கு முன் எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

கிட்டாரும் கரண்டில் ஓடுவதுதான். என்னைத்தான் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். நன்றாக வாசித்தால் யாருக்காவது ஆசை வரும், விலை ஏறும், கலியமூர்த்தியின் பையில் நான் வைத்த பணம் பத்தாது. அதனால் திருவிழாவன்று காலை, கிட்டாரைக் கோயிலில் ஒப்படைப்பதற்கு முன், இரண்டாவது கம்பியை மட்டும் ஒரு பொடி அளவு தளர்த்தி வைத்தேன். பார்த்தால் தெரியாது. வாசித்தால் பல்லில் மண் நெரிகிற மாதிரி இருக்கும்.

ஒரு தரம், ரெண்டு தரம்

உபதேசியார் ஏலம் விடுவதைக் கேட்பதற்கென்றே எக்கியார்குப்பத்தில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். வாழைத்தார் போனது. எண்ணெய் போனது. பூசணிக்காயை இரண்டு சம்பந்திகள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே கேட்டார்கள். கடைசியில் அது ஆட்டுக்குட்டி போக வேண்டிய விலைக்குப் போனது. எடுத்தவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றிவந்தார்.

அடுத்தது நான்.

"நம்ம எடைமேடை அண்ணன் வீட்டு நேர்ச்சை. பேத்தி பொழச்சதுக்கு. ஜப்பான் ஐட்டம்" என்றார் உபதேசியார் மைக்கில். "ஐயா, வந்து ஓட்டிக் காட்டுங்க!"

மைக்செட் கீழ்புத்துப்பட்டு அன்புவுடையது. அவர் வடையைத் தின்றுகொண்டே ஒரு ஒயரை நீட்டினார். அதைக் கிட்டாரில் சொருகினேன். யாரோ என் பழைய பலகையைக் கொண்டுவந்து போட்டார்கள். பந்தலின் நாலு மூலையிலும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். இத்தனை பெரிய ஸ்பீக்கரில் என் கிட்டார் அதுவரை பேசியதே இல்லை.

எல்லோருக்கும் தெரிந்த அந்தோணியார் பாட்டை எடுத்தேன். இரண்டாவது கம்பி வந்த இடமெல்லாம் கோணியது. போதாதென்று நானும் இரண்டு மூன்று இடத்தில் தடுக்கினேன். எனக்கே காது கூசியது. கூட்டமோ கை தட்டிக்கொண்டே கூடப் பாடியது. முடித்ததும் விசில் வேறு.

"அண்ணன் வாசிப்பு மாறவேயில்ல!" என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர். பாடற்குழுவில் என் பக்கத்திலேயே நின்று பாடியவர். மனமாரத்தான் சொன்னார்.

என் திட்டம் பலித்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பலகைமேல் நின்றுகொண்டு எனக்கு வந்தது அழுகை. வேண்டுமென்று கெடுத்து வாசித்ததற்கும், வருஷக்கணக்கில் உயிரைக் கொடுத்து வாசித்ததற்கும் இந்த ஊரில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்கவில்லை.

கலியமூர்த்தி ஒரு தொகை சொன்னான். பூசணிக்காயில் பாதிகூட இல்லை. வேறு யாரும் வாய் திறக்கவில்லை. கிட்டாரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? சேவல் என்றாலாவது குழம்பு வைக்கலாம்.

"லாரிக்கார அண்ணன் கேக்குறாரு! ஒரு தரம்..." உபதேசியார் சுற்றிலும் பார்த்தார். "ரெண்டு தரம்..."

"ஒரு நிமிசம் உபதேசியாரே."

பெண்கள் பக்கமிருந்து பிலோமினா எழுந்து வந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் கூட்டத்தில் வாய் திறக்கிற ஆள் கிடையாது. நேராக என் முன்னால் வந்து நின்றாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆட்டுக்குட்டியைப் பார்த்தேன்.

"ரெண்டாவது கம்பி எறங்கியிருக்குது" என்றாள் எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "ஏத்துங்க."

என் விரல் தானாக அந்தக் கம்பிக்குப் போனது.

"ஞாயித்துக்கெழம வாசிப்பீங்களே, அத வாசிங்க. மேல போயி நிக்குமே, அங்க அவசரப்படாம நிறுத்துங்க. போன மாசம்லாம் அந்த எடத்துல ஓடுறீங்க." பிறகு உபதேசியாரைப் பார்த்து, "மறுபடி ஒருக்கா ஓட்டிக் காட்டுவாரு" என்றாள்.

கூட்டம் சிரித்தது. நான் குனிந்து கம்பியை ஏற்றினேன். ஆமாம், போன மாதமெல்லாம் அந்த இடத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தேன், கிட்டார் கை விட்டுப் போகப்போகிறதே என்ற கவலையில். எனக்கே தெரியாத விஷயம் அது. முதுகைக் காட்டிக்கொண்டு மீன் கழுவினவளுக்குத் தெரிந்திருக்கிறது.

வாசித்தேன். நன்றாக வாசித்தேன் என்று நானே சொல்லிக்கொள்வது அழகில்லை, ஆனால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. மேலே ஏறுகிற இடத்தில் ஏறி, அவள் சொன்ன மாதிரி நின்றேன். அந்தச் சத்தம் பந்தலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, உப்பளம் முழுக்கப் போனது. உப்பைக் குவித்த அம்பாரத்துப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தது பலகைமேல் இருந்து எனக்குத் தெரிந்தது. பிறகு இறங்கி, முடித்தேன். இந்தத் தடவை யாரும் விசில் அடிக்கவில்லை. கைதட்டக்கூடக் கொஞ்சம் தாமதமானது.

மைக்செட் அன்பு வடையைக் கீழே வைத்துவிட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து, கலியமூர்த்தி சொன்னதற்கு இரண்டு மடங்கு சொன்னார்.

கலியமூர்த்தி கொஞ்சம் ஏற்றினான். அன்பு அதற்கும் மேலே ஏறினார். கலியமூர்த்தி என்னைப் பார்த்தான். சட்டைப் பையில் இன்னும் பணம் இருந்தது. அவனுடைய சொந்தப் பணத்தையும் போட அவன் தயார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஒரு சின்னத் தலையசைப்பு போதும்.

பிலோமினா என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மூக்கில் குழாய் இருந்த நாட்களை நினைத்தேன். பரண்மேல் ஒளித்து வைத்த ஒன்றை, சீட்டாடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் வாசிப்பதை நினைத்தேன். அங்கே போய் யாருக்கு வாசிப்பது? கேட்கிற ஆள் இங்கே அல்லவா மீன் கழுவிக்கொண்டிருப்பாள்?

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கலியமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டான்.

"மூணு தரம்!" என்றார் உபதேசியார்.

கொடுத்த பிறகு

அன்புவிடம் நானே எடுத்துக் கொடுத்தேன். பொட்டலங்கள் நிறைந்த பெட்டியையும் கொடுத்தேன். "ஒவ்வொரு தடவையும் வாசிச்சிட்டுத் தொடைக்கணும். இங்க காத்து சரியில்ல" என்றேன். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவன் மாதிரி இன்னும் ஏதேதோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நம்ம ஆர்கெஸ்ட்ராக்குத்தான் சார். சும்மா வெச்சிருக்க மாட்டேன்" என்றார்.

கூட்டம் சேவல் பக்கம் திரும்பிவிட்டது. நான் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பின்னால் கட்டிப் பார்த்தேன், முன்னால் கட்டிப் பார்த்தேன். பிலோமினா வந்தாள்.

"கலியமூர்த்தி அண்ணனுக்குக் கிட்டாரு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "கை சும்மாத்தான இருக்குது. புள்ளயப் புடிங்க. எனக்கு இடுப்பு வலிக்குது."

வாங்கிக்கொண்டேன். இடது கையால் முதுகைத் தாங்கினேன். கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள் சட்டை வழியே உறுத்தியிருக்க வேண்டும். குழந்தை நெளிந்தாள், முகத்தைச் சுளித்தாள், ஆனால் அழவில்லை. நான் விரல்களை மடக்கி, உள்ளங்கையால் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அப்படி மடக்க வேண்டியதில்லை. காய்ப்பு உரிந்துகொண்டே வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின்வாசல் படியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். பிலோமினா மீன் கழுவிவிட்டுத் திரும்பி, என் கையை இழுத்து, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள். சுண்டுவிரலில் மட்டும் கொஞ்சம் மீதி இருந்தது. அந்த விரலை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.